நள்ளிரவுப் படமும் பொதுச்சொத்தும்

ஹொலிவூட் முதலாளிகளின் பிடிக்கு வெளியே, உருக்கு நகரமான பிற்ஸ்பேர்க்கில் ஜோர்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் ஏறத்தாழ 114,000 டொலர் செலவில் ‘உயிருள்ள பிணங்களின் இரவு’ என்னும் திகிற்படத்தை உருவாக்கினர். 1968 ஒக்டோபர் 1ஆம் நாள் அவ்வூர்ப் படமாளிகையிலேயே அது முதன்முதல் திரையேறிற்று. இரவு முழுதும் பிணங்களோடு போராடிப் பிழைத்த கறுப்பினக் கதாநாயகன், விடிந்ததும் வெள்ளையர் துப்பாக்கிக்கு இரையாகிறான். மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டு ஆறு மாதமே கழிந்திருந்த வேளையில், அம்முடிவு வெறுங் கற்பனையாகத் தோன்றியிராது.

விநியோகத்தர் படத்தின் பெயரை மாற்றியபோது பதிப்புரிமைக் குறிப்பு விடுபட்டது, படம் பொதுச்சொத்தாயிற்று. எவரும் திரையிடலாம் என்ற நிலையில், நள்ளிரவுக் காட்சிகளும் சிறு அரங்குகளும் அதனை வாழவைத்தன. படைத்தோரோ உழைப்பின் பயனைப் பெரிதும் இழந்தனர். மக்களுக்குக் கலையும் கலைஞனுக்குக் கூலியும் ஒருங்கே கிட்டும் வழியை நாம் இன்னும் சமைக்கவேண்டியுள்ளது.