இருமுறை ஏறிய கழகம்
விம்பிள்டன் உதைபந்தாட்டக் கழகத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டுக் கழகங்களின் வரலாறு பெரும்பாலும் வெற்றிகளின் பட்டியலாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் எந்தக் கிண்ணம் வெல்லப்பட்டது, எவர் எத்தனை கோல்களைப் போட்டார் என்பன ஏடுகளில் இடம்பெறுகின்றன. மழையிலும் பனியிலும் மைதானத்தின் ஓரத்தில் நின்ற மனிதரோ அவ்வேடுகளில் பார்வையாளர் தொகை என்னும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிடுகின்றனர். அந்த எண்ணுக்குள் அடங்கியிருந்தோர், தமது கழகத்தின் வரலாறு தமக்கே உரியது என வாதாடி, அவ்வாதத்தைச் செயலாலும் நிறுவிய நிகழ்ச்சி ஒன்று இலண்டனின் தென்மேற்குப் பகுதியான விம்பிள்டனில் நிகழ்ந்தது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விம்பிள்டன் என்றதும் எம்மவர் நினைவுக்கு முதலில் வருவது டெனிஸ் ஆட்டம். அதற்கடுத்தபடியாக, புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர் வழிபடும் பிள்ளையார் கோயில். அவ்வூரின் உதைபந்தாட்டக் கழகத்தை அறிந்தோர் சிலரே. ஆயினும், கீழ்ப்பிரிவுகளிலிருந்து ஒரு கழகம் மேலேறுவது என்றால் என்ன, அந்த ஏற்றம் எவருடைய சாதனை என்னும் வினாக்களை எழுப்புவோர்க்கு இதனைப் போன்று பயன்தரும் உதாரணம் அரிது. ஏனெனில் இக்கழகம் ஒருமுறையன்று, இருமுறை அடியிலிருந்து ஏறியது.

முதலாவது ஏற்றம்

1889 ஆம் ஆண்டில் விம்பிள்டன் பொதுத்திடலில் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர்கள் ஆடத் தொடங்கியதே இக்கழகத்தின் தோற்றம். 1912 இல் அது பிளவ் லேன் என்னும் வீதியோரத்து மைதானத்திற் குடியேறியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அது ஊதியம் பெறாத ஆட்டக்காரரைக் கொண்ட கழகமாகவே விளங்கிற்று. 1963 இல் அத்தகைய கழகங்களுக்கான தேசியக் கிண்ணத்தின் இறுதியாட்டத்தில், அயற்பகுதிக் கழகமான சட்டன் யுனைட்டெட்டை 4–2 என வென்றது. அந்நான்கு கோல்களையும் எடி ரெனோல்ட்ஸ் என்பவரே, அதுவும் தலையால் முட்டியே போட்டார். அடுத்த ஆண்டில் கழகம் தொழில்முறை ஆட்டத்துக்கு மாறியது.

அக்காலத்தில் இங்கிலாந்தின் உதைபந்தாட்ட லீக் நான்கு பிரிவுகளைக் கொண்டு, ஏறத்தாழ மூடிய ஒரு கோட்டையாக இருந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். வெளியே உள்ள கழகம் எத்தனை வெற்றி பெறினும் தானாக உள்நுழைய இயலாது. நான்காம் பிரிவின் அடியில் முடிவடைந்த கழகங்கள் மீண்டும் இடங்கோரும், வெளியிலுள்ளவையும் விண்ணப்பிக்கும், உள்ளிருக்கும் கழகங்கள் வாக்களித்து முடிவு செய்யும். அங்கத்தவராக உள்ளோர் ஒருவரையொருவர் காப்பது இயல்பு. தானாக மேலேறும் முறை 1987 இலேயே நடைமுறைக்கு வந்தது.

இக்கதவைத் தட்டிய ஓசை நாடெங்கும் கேட்டது 1975 இல். எப்.ஏ. கிண்ணப் போட்டியில், லீக்குக்கு வெளியே இருந்த விம்பிள்டன், முதற்பிரிவுக் கழகமான பேர்ன்லியை அதன் சொந்த மைதானத்திலேயே 1–0 எனத் தோற்கடித்தது. அடுத்த சுற்றில் நடப்புச் சம்பியனான லீட்சின் மைதானத்தில், பீற்றர் லோரிமர் அடித்த தண்ட உதையை விம்பிள்டனின் கோல் காப்பாளர் டிக்கி கை தடுத்தார். ஆட்டம் கோலின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் ஒரு கோலால் தோற்றபோதிலும், அக்கழகத்தின் பெயர் நிலைத்துவிட்டது. 1975, 1976, 1977 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தென்பகுதி லீக்கில் முதலிடம் பெற்ற விம்பிள்டன், 1977 இல் வேர்க்கிங்டன் கழகத்தின் இடத்துக்கு வாக்களிப்பின் மூலம் தெரிவு செய்யப்பட்டது.

அதன் பின்னர் நிகழ்ந்தது நேர்கோட்டு வளர்ச்சியன்று. 1979 இல் மேலேறி 1980 இல் இறங்கியது. 1981 இல் ஏறி 1982 இல் மீண்டும் இறங்கியது. 1983 இல் நான்காம் பிரிவின் முதலிடம், 1984 இல் இரண்டாம் பிரிவு, 1986 இல் முதற்பிரிவு. ஒன்பது பருவகாலங்களில் இப்பயணம் முடிந்தது. செல்வமிக்க கழகங்கள் வேண்டாமென விட்ட ஆட்டக்காரரையும் சிறு கழகங்களில் ஆடியோரையும் கொண்டு, பந்தை நீளமாக அடித்து முன்னேறும் அவர்களது முறையைப் பத்திரிகைகள் ஏளனம் செய்தன. முதற்பிரிவில் இருந்தபோதும் பிளவ் லேனில் கூடியோரின் சராசரி பத்தாயிரத்தை எட்டவில்லை. அத்தகைய கழகமே 1988 மே 14 ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஏறத்தாழ 98,000 பேர் முன்னிலையில் லிவர்பூலை 1–0 என வென்று எப்.ஏ. கிண்ணத்தைப் பெற்றது. லோரி சன்சேஸ் கோலைப் போட்டார். ஜோன் ஓல்ட்ரிட்ஜின் தண்ட உதையைத் தடுத்த டேவ் பீசன்ட், வெம்பிளியில் நிகழ்ந்த எப்.ஏ. கிண்ண இறுதியாட்டமொன்றில் அவ்வாறு தடுத்த முதலாவது கோல் காப்பாளராவார்.

ஏற்றத்தினுள் இருந்த வித்து

இவ்வேற்றத்தை ஊர்மக்களின் வெற்றியாக மட்டும் காண்பது வரலாற்று நேர்மையாகாது. 1976 இல் ரொன் நோட்ஸ் என்னும் வணிகர் 2,782 பவுண் கொடுத்து இக்கழகத்தை வாங்கினார். அவரது முயற்சியின்றி லீக் அனுமதி கிடைத்திருக்குமா என்பது ஐயத்துக்குரியது. பின்னர் லெபனானைச் சேர்ந்த சாம் ஹமாம் உரிமையாளரானார். முதற்பிரிவுக்கான ஏற்றம் அவர் காலத்தது. தனியொருவரின் விருப்பும் முதலும் கழகத்தை உயர்த்தின என்பதை மறுத்தல் இயலாது.

ஆனால் உயர்த்தவல்ல கை இடம்பெயர்க்கவும் வல்லது. கழகம் முதன்முறையாக மேற்பிரிவுக்கு ஏறிய 1979 ஆம் ஆண்டிலேயே, இலண்டனுக்கு வடக்கே புதிதாக உருவாகிக்கொண்டிருந்த மில்டன் கீன்ஸ் நகரின் மீது நோட்சின் கவனம் சென்றது. அங்கிருந்த சிறு கழகமொன்றை அவர் வாங்கினார். விம்பிள்டனை அங்கு கொண்டுசெல்லும் எண்ணம் அன்று கைவிடப்பட்டது. எனினும், இருபத்துமூன்று ஆண்டுகளின் பின் நிகழ்ந்த பிரிவின் வித்து வெற்றியின் காலத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது என்பது அவதானிக்கத்தக்கது.

1989 இல் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 உயிர்களைக் காவுகொண்டது. அதனை ஆராய்ந்த டெய்லர் அறிக்கை, மேற்பிரிவு மைதானங்களில் அனைவர்க்கும் இருக்கை வேண்டுமெனப் பரிந்துரைத்தது. பழைய பிளவ் லேன் அதற்கு ஏற்றதாக இருக்கவில்லை எனக் கூறி, 1991 இல் கழகம் கிறிஸ்டல் பலஸ் கழகத்தின் செல்ஹேர்ஸ்ட் பார்க் மைதானத்துக்குக் குடிவாரமாகச் சென்றது. தற்காலிகம் எனப்பட்ட அவ்வேற்பாடு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1998 இல் பிளவ் லேன் நிலம் பல்பொருள் அங்காடி நிறுவனமொன்றுக்கு விற்கப்பட்டது. பிற்காலத்தில் அங்கு அடுக்குமாடி வீடுகள் எழுந்தன. அத்தொகுதிக்கு ரெனோல்ட்சின் பெயர் சூட்டப்பட்டது. நான்கு கோல்கள் போட்டவரின் பெயர் நிலைத்தது. அவர் ஆடிய நிலம் நிலைக்கவில்லை.

கழகம் 1997 இல் நோர்வேயைச் சேர்ந்த முதலீட்டாளரின் கைக்கு மாறியது. கிண்ணத்தை வென்று சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்த 2000 மே 14 ஆம் நாள், அது மேற்பிரிவிலிருந்து இறங்கியது. அடுத்த ஆண்டில் மில்டன் கீன்சுக்குக் குடிபெயரும் திட்டம் அறிவிக்கப்பட்டது. இரசிகர்கள் எதிர்த்தனர், ஊர்வலம் சென்றனர், மைதானத்தைப் புறக்கணித்தனர். 2002 மே 28 இல் மூவர் கொண்ட ஆணைக்குழு, இருவருக்கு ஒருவர் என்ற வாக்கினால் அத்திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. விம்பிள்டன் மக்கள் புதிய கழகமொன்றை அமைப்பது உதைபந்தாட்டத்தின் பரந்த நலனுக்கு உகந்ததன்று என்னும் கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது.

இரண்டாவது ஏற்றம்

உகந்ததன்று எனப்பட்ட அதனையே மக்கள் செய்தனர். தீர்ப்பு வெளிவந்த இரண்டாம் நாள் கூடிய இரசிகர்கள் ஏ.எப்.சி. விம்பிள்டன் என்னும் புதிய கழகத்தை அமைக்க முடிவு செய்தனர். மைதானம் இல்லை, பயிற்றுநர் இல்லை, ஆட்டக்காரர் ஒருவர்தானும் இல்லை. ஜூன் 29 இல், 1889 இல் எங்கு தொடங்கினரோ அதே பொதுத்திடலில் ஆட்டக்காரர் தெரிவு நடைபெற்றது. இருநூறுக்கும் மேற்பட்டோர் வந்தனர். ஜூலை 10 இல் முதலாவது நட்பாட்டம். எதிரணி, 1963 இறுதியாட்டத்தில் எதிர்த்தாடிய அதே சட்டன் யுனைட்டெட். விம்பிள்டன் 0–4 எனத் தோற்றது. ஆனால் அதனைக் காண வந்தோர் 4,657 பேர்.

ஊராட்டங்களுக்கு ஒப்பான ஒரு பிராந்திய லீக்கிலிருந்து புதிய கழகம் தொடங்கியது. அங்கு எதிரணிகளின் மைதானங்களிற் சில நூறு பேர் கூடுவதே அரிது. அங்கே சராசரியாக மூவாயிரம் பேர் இக்கழகத்தைத் தொடர்ந்தனர். 2003 பெப்ரவரி முதல் 2004 டிசம்பர் வரை 78 லீக் ஆட்டங்களிற் தோல்வியே காணாது ஒரு சாதனை நிலைநாட்டப்பட்டது. 2004, 2005, 2008, 2009 ஆகிய ஆண்டுகளில் பிரிவு பிரிவாக மேலேறிய கழகம், 2011 மே 21 இல் மன்செஸ்டரில் லூட்டன் டவுனை எதிர்கொண்டது. கோலின்றி முடிந்த ஆட்டம் தண்ட உதைகளால் தீர்மானிக்கப்பட்டது. சிறுவயது முதல் விம்பிள்டனின் இரசிகராக இருந்த கோல் காப்பாளர் செப் பிறவுண் இரு உதைகளைத் தடுத்தார். 4–3 என வென்று கழகம் உதைபந்தாட்ட லீக்கினுள் நுழைந்தது. இதற்கும் ஒன்பது பருவகாலங்களே சென்றன.

இரு ஏற்றங்களுக்கும் கால அளவு ஒன்றாயினும் அடிப்படை வேறு. புதிய கழகத்தின் உரிமை இரசிகர்களின் நம்பிக்கைப் பொறுப்பகம் ஒன்றிடம் இருந்தது. ஓர் அங்கத்தவர்க்கு ஒரு வாக்கு. பணம் கூடுதலாகத் தந்தவர்க்குக் கூடுதல் வாக்கில்லை. நிர்வாகத் தலைவராக நெடுங்காலம் பணியாற்றிய எரிக் சமுவெல்சன் ஆண்டொன்றுக்கு ஒரு கினியை மட்டும் பெயரளவு ஊதியமாகப் பெற்றார். 1975 இல் லீட்சில் தண்ட உதையைத் தடுத்த டிக்கி கை, புதிய கழகத்தின் தலைவராக அமர்ந்தார். சட்டத்தின் கண்ணில் 2002 இற் பிறந்த ஒரு கழகத்துக்கு, 1975 இன் கரம் தலைமை தாங்கியது.

2020 நவம்பர் 3 ஆம் நாள், பழைய மைதானத்துக்கு மிக அண்மையில், அதே பிளவ் லேன் வீதியில் எழுந்த புதிய மைதானத்தில் முதலாட்டம் நடைபெற்றது. அதன் கட்டுமானச் செலவுக்காக இரசிகர்கள் கடன்பத்திரங்களின் மூலம் 50 இலட்சம் பவுணுக்கு மேல் திரட்டித் தந்திருந்தனர். ஆயினும் கொவிட் தொற்றின் காரணமாக அன்று மைதானத்தினுள் இரசிகர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. இருபத்தொன்பது ஆண்டுகள் காத்திருந்தோர் வீடுகளிலிருந்தே அத்திரும்புதலைக் காண நேர்ந்தது.

வரலாறு எவர்க்கு உரியது?

1977 இல் இருபது வயதினராக இருந்த ஓர் இரசிகரை எண்ணிப் பார்ப்போம். வெம்பிளி வெற்றியின்போது அவர்க்கு முப்பத்தொன்று. கழகம் பறிபோனபோது நாற்பத்தைந்து. பிளவ் லேன் திரும்பியபோது அறுபத்துமூன்று. அவர் கண்ட முதலாவது ஏற்றம் உச்சியைத் தொட்டது. இரண்டாவது ஏற்றம் அத்துணை உயரத்தை எட்டவில்லை. 2016 இல் மூன்றாம் நிலைப் பிரிவுக்கு ஏறி, 2022 இல் இறங்கி, 2025 இல் மீண்டும் அங்கு ஏறியமையே அதன் எல்லை. முதலாவது ஏற்றத்தின் முக்கிய முடிவுகள் எவற்றிலும் அவரது சொல் கேட்கப்படவில்லை. மைதானம் விற்கப்பட்டதையும் அவர் பிறர் சொல்லியே அறிந்தார். இரண்டாவதிலோ மைதானத்துக்கான கடன் முதல் வெளியார் முதலீட்டை ஏற்பதா என்பது வரை அனைத்தும் அவர் வாக்களித்துத் தாங்க வேண்டிய பொறுப்புகள். உரிமை என்பது மகிழ்ச்சி மாத்திரமன்று, கணக்கேட்டின் சுமையுமாகும்.

மறுபக்கத்தையும் கூறுதல் கடன். 2004 இற் பெயர் மாற்றம் பெற்ற மில்டன் கீன்ஸ் கழகத்தைத் தமதெனக் கொண்டு வளர்ந்த சிறுவர்கள் எவர்க்கும் தீங்கிழைத்தவரல்லர். அவர்தம் பற்றும் போலியன்று. சட்டப்படி பழைய கழகத்தின் தொடர்ச்சியும் அதுவே. ஆயினும் 2007 இல் அக்கழகம் 1988 ஆம் ஆண்டின் வெற்றி உட்பட்ட பழைய நினைவுச் சின்னங்களை விம்பிள்டன் அடங்கிய மேர்ட்டன் நகரசபையிடம் ஒப்படைத்தது. பழைய வரலாற்றுக்கு உரிமை கோருவதையும் கைவிட்டது. ஆணைக்குழுவின் தீர்ப்பால் கழகத்தின் லீக் இடத்தை மாற்ற முடிந்தது. அதன் நினைவை மாற்ற முடியவில்லை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பங்குகளும் நிலமும் கைமாறக் கூடியவை. லீட்சில் அந்தப் பந்து தடுக்கப்பட்ட கணத்தில் மூச்சடங்கி நின்ற அனுபவம் எந்தப் பத்திரத்திலும் எழுதப்படுவதில்லை. அதனாலேயே அதனை எவரும் விற்கவும் இயலவில்லை. முதலாவது ஏற்றத்தைக் கண்டோர் 2002 இல் மீண்டும் அடியிலிருந்து தொடங்க அஞ்சாமைக்குக் காரணம் இதுவே: அடித்தளம் அவர்கட்குப் புதிய இடமன்று. அங்கிருந்து மேலே செல்லும் வழியை அவர்கள் ஒருமுறை நடந்தே அறிந்திருந்தனர்.