ஒரு மதுக்கடை பில்லும் காலியான பல்கலைக்கழகமும்

காலேஜ் பக்கத்துல கடை போட்டா வியாபாரம் பிச்சுக்கும்னு சொல்வாங்க. உண்மைதான். ஆனா அந்த மாணவர் கூட்டம் மொத்தமா ஊரை விட்டே போயிட்டா? பாரிஸில் ஒருமுறை அது நடந்தது. ஆரம்பிச்சது ஒரு மதுக்கடையில்.

1229, தவக்காலத்துக்கு முந்தின கொண்டாட்ட நாட்கள். நகரத்துக்கு வெளியே சேன் மார்செல் பகுதியில் ஒரு கடை. நல்ல ஒயின் கிடைக்குதுன்னு மாணவர்கள் சிலர் உட்கார்ந்து குடிச்சாங்க. காசு கொடுக்கும்போது விலையில் தகராறு. அக்கம்பக்கத்துக்காரங்க ஓடிவந்து மாணவர்களை அடிச்சுத் துரத்தினாங்க. மறுநாள் இவங்க ஆள் சேர்த்து, கத்தி, தடியோட வந்து கடையை நொறுக்கி, ஒயினைத் தரையில் கொட்டி, தெருவில் போனவங்களையும் விடாம அடிச்சாங்க.

அன்றைய மாணவர்கள் மதகுருமார் கணக்கில் சேர்த்தி. அவர்களை விசாரிக்க வேண்டியது திருச்சபை நீதிமன்றம்தான். ஆனாலும் சிறுவனான ஒன்பதாம் லூயிக்காக ஆட்சி நடத்திய அவன் தாய் பிளான்ஷ், தண்டிக்க அனுமதி கொடுத்துவிட்டார். படைவீரர்கள் போய்த் தாக்கியது யாரை தெரியுமா? ஊருக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த, தகராறில் சம்பந்தமே இல்லாத மாணவர்களை. பல பேர் செத்தார்கள்.

ஆசிரியர்கள் வகுப்பை நிறுத்தினார்கள். நியாயம் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

எப்படி முடிந்தது என்கிறீர்களா? அப்போது பல்கலைக்கழகத்துக்கென்று கட்டடமே கிடையாது! வாடகை அறையில்தான் பாடம். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து நின்ற இடம்தான் பல்கலைக்கழகம். கடைக்காரருக்கும் வீட்டுக்காரருக்கும் அப்படி இடம் மாற முடியுமா?

மத்த ஊர்க்காரங்க சும்மா இருப்பாங்களா? இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றி அதே வருஷம் அவர்களைத் தன் நாட்டுக்கு அழைத்தார். புதிதாகத் தொடங்கிய துலூஸ் பல்கலைக்கழகம் ஒரு கடிதமே அனுப்பியது: பாரிஸில் தடை செய்த அரிஸ்டாட்டில் நூல்களை இங்கே படிக்கலாம், ரொட்டி, இறைச்சி, மீன் எல்லாம் மலிவு, ஒயினும் மலிவு! மாணவர்களை இழுக்க இதைவிட நல்ல விளம்பரம் உண்டா? :-)

ரெண்டு வருஷம் பாரிஸ் இழுபறியில் கிடந்தது. 1231 ஏப்ரலில் போப் ஒன்பதாம் கிரகோரி ஒரு சாசனம் வெளியிட்டார். அநியாயம் நடந்து பரிகாரம் கிடைக்காவிட்டால் வகுப்பை நிறுத்தும் உரிமை எழுத்திலேயே கிடைத்தது.

ஆக்ஸ்போர்டிலும் 1355 பிப்ரவரி 10 அன்று, ஸ்விண்டில்ஸ்டாக் என்ற கடையில், ஒயின் சரியில்லை என்று வாக்குவாதம். மூணு நாள் கலவரம். மாணவர் தரப்பில் மட்டும் 63 பேர் இறந்ததாக மரபான கணக்கு. அப்புறம் ஊரின் ரொட்டி, பீர் விலையைக் கண்காணிக்கும் அதிகாரமே பல்கலைக்கழகத்தின் கைக்குப் போனது. நகரத்தார் வருஷா வருஷம் செய்த பிராயச்சித்தம் 1825 வரை நீடித்தது.

இரண்டு ஊரிலும் கடைசியில் பல்கலைக்கழகம்தான் ஜெயித்தது என்று வரலாறு எழுதுபவர்கள் சொல்வார்கள். எனக்கென்னவோ, அந்தக் கடையில் ஒரு கோப்பைகூடக் குடிக்காமல், விளையாடப் போன இடத்தில் செத்துப்போன பாரிஸ் பசங்கதான் ஞாபகத்துக்கு வர்றாங்க. பில்லைக் கட்டினது அவங்கதானே?