பெயரோடு திரும்பி வரும் அட்டவணை

ஒரு ஃபங்ஷனிடம் கேட்டால் ஒரு பதில் வரும், எண்ணோ சொல்லோ. அந்தப் பதிலே பெயர், வயது, ஊர் என்று பலவாக இருந்தால்? இன்று பைத்தானில் ஒரு டிக்‌ஷனரியை ரிட்டர்ன் செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இந்தச் சுலபம் சும்மா வந்ததில்லை.

1977இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் ‘ஆக்’ மொழியை உருவாக்கினார்கள். சொல்லையே சாவியாக வைக்கும் அட்டவணை அதில் உண்டு. ஒரு கோப்பில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ண இரண்டு மூன்று வரி போதும். 1985இல் சொந்தமாக ஃபங்ஷன் எழுதும் வசதியும் வந்தது. ஆனால் அந்த ஃபங்ஷனால் அட்டவணையைத் திருப்பித் தர முடியாது. காலி அட்டவணையை நாமே உள்ளே அனுப்பணும், அது நிரப்பிக் கொடுக்கும். தப்பாவ் பண்ண வீட்டிலிருந்தே டிபன் கேரியர் எடுத்துட்டுப் போற மாதிரி.

1987இல் லாரி வால் வெளியிட்ட பெர்லில் திருப்பித் தரலாம். ஆனால் வழியிலேயே பிரிந்துவிடும்: சாவி, மதிப்பு, சாவி, மதிப்பு என்று ஒரே வரிசை. வாங்குகிறவர் மறுபடி அடுக்கிக்கணும். ஓர் அட்டவணை என்றால் பரவாயில்லை. இரண்டைத் தந்தால் முதலாவது எல்லாத்தையும் விழுங்கிவிடும், இரண்டாவது காலி. பிழைச்செய்தி ஒன்றும் வராது, அதுதான் ஆபத்து.

1994இல் பெர்ல் 5 ‘ரெஃபரன்ஸ்’ கொண்டுவந்தது. அட்டவணையைப் பிரித்துக் கொட்டாமல், அது இருக்கும் இடத்தை மட்டும் சொல்வது. இரண்டு அட்டவணை தந்தாலும் கலக்காது. அட்டவணைக்குள் அட்டவணையும் வைக்கலாம். இணையப் படிவங்கள் பரவத் தொடங்கிய நேரம் அது. படிவம் என்பதே பெயரும் மதிப்பும்தானே.

இது வெறும் வசதி இல்லை. வரிசையாக வந்தால் மூன்றாவது வயதா ஊரா என்று மனிதர்தான் ஞாபகம் வச்சிருக்கணும். பெயரோடு வந்தால் அந்தச் சுமை மொழிக்குப் போகிறது.

எல்லா மொழியும் அதைச் சுமப்பதில்லை. பாஷ் 4.0க்கு 2009இல் இப்படிப்பட்ட அட்டவணை கிடைத்தது. ஆனால் அதன் ரிட்டர்ன் இன்றும் தருவது 0 முதல் 255 வரை ஓர் எண்ணை மட்டுமே.