இன்னும் எவ்வளவு இடமிருக்கு?

ஒரு வன்தட்டில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கு? கேட்பதற்கு இதைவிட இலகுவான கேள்வி கிடையாது. ஒரு எண்ணைச் சொன்னால் முடிந்தது எண்டுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் பைத்தன் மொழியில் ஸ்டாட்விஎஃப்எஸ் என்ற செயற்கூற்றை அழைத்து இதே கேள்வியைக் கேட்டால், பத்துப் பதினொரு எண்கள் வந்து விழும். மொத்தக் கட்டங்கள், வெறுமையான கட்டங்கள், 'உனக்குக் கிடைக்கக்கூடிய' வெறுமையான கட்டங்கள், கட்டத்தின் அளவு, இன்னொரு கட்ட அளவு... ஒரு கேள்விக்கு ஏன் இத்தனை பதில்? இவற்றில் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காலமும் ஒரு பிரச்சினையும் இருக்கு.

கதை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் தொடங்குகிறது. 1969இல் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸைக் கட்டத் தொடங்கினார்கள். 1971 நவம்பரில் வந்த அதன் முதலாவது கைநூலிலேயே டிஎஃப் என்ற கட்டளை இருக்கு. வட்டில் மிச்சமுள்ள இடத்தைச் சொல்வதுதான் அதன் வேலை. அன்றைய வட்டுகள் எவ்வளவு பெரியவை எண்டு பார்த்தால் இந்தக் கட்டளையின் அவசரம் விளங்கும். 70களில் யுனிக்ஸ் ஓடிய கணினிகளில் பரவலாக இருந்த ஆர்கே05 வட்டில் 512 பைற் அளவான 4,872 கட்டங்கள்தான். அதாவது ஏறத்தாழ 2.5 மெகாபைற். இன்று போனில் எடுக்கிற ஒரு படமே அதற்குள் அடங்காமல் போகலாம். அந்த இடத்தைத்தான் பலர் பங்குபோட்டுப் பாவித்தார்கள்.

அந்த டிஎஃப் தனது பதிலை எப்படிக் கண்டுபிடித்தது? இயங்குதளத்திடம் கேட்கவில்லை. வட்டையே நேரடியாகத் திறந்து வாசித்தது. ஒவ்வொரு கோப்பு முறைமையின் தொடக்கத்திலும் 'சூப்பர்புளொக்' என்றொரு கட்டம் உண்டு. கோப்பு முறைமையின் கணக்கு வழக்கெல்லாம் அதில் இருக்கும். 1975இல் வந்த ஆறாம் பதிப்பில், வெறுமையான கட்டங்களின் இலக்கங்கள் நூறு நூறாக ஒரு சங்கிலிபோல் கோக்கப்பட்டிருந்தன. டிஎஃப் அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நடந்து ஒவ்வொன்றாக எண்ணியது.

இதில் இரண்டு சிக்கல். முதலாவது, புதிய கணக்கு நினைவகத்தில் இருக்கும், வட்டில் இருப்பது கொஞ்சம் பழைய கணக்கு. ஆகவே பதில் சற்றுப் பிந்தியதாக வரலாம். இரண்டாவது சிக்கல் பெரியது. வட்டை நேரடியாக வாசிக்க அனுமதி உள்ள ஒரு நிரலால், அதிலுள்ள எல்லோருடைய கோப்புகளையும் வாசிக்க முடியும். இடம் எவ்வளவு எண்டு அறிவதற்காக வீட்டின் முழுச் சாவிக்கொத்தையும் கொடுக்க வேண்டியிருந்தது.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் நடந்தது. மக்கூசிக், ஜோய், லெஃப்லர், ஃபாப்ரி ஆகிய நால்வர் பழைய கோப்பு முறைமையைத் திருத்தியமைத்தார்கள். 1983 ஓகஸ்ரில் வெளியான 4.2பிஎஸ்டியோடு அது வெளியே வந்தது. பழையதைவிடப் பத்து மடங்குவரை வேகம் எண்டு 1984இல் வந்த அவர்களது கட்டுரை சொல்கிறது. கட்டங்களைப் பெரிதாக்கியதும், ஒரு கோப்பின் துண்டுகளைக் கிட்டக் கிட்ட வைத்ததும்தான் அந்த வேகத்துக்கான காரணங்கள். ஆனால் வட்டு நிரம்பி வழிந்தால் கிட்டக் கிட்ட வைக்க இடம் கிடைக்காது. அதனால் பத்து வீதத்தை ஒதுக்கி வைத்தார்கள். அந்த எல்லைக்குப் பிறகு சாதாரண பாவனையாளர் எழுத முடியாது, நிர்வாகி மட்டும் எழுதலாம்.

கமக்காரர் வீட்டில் விதைநெல்லுக்கு ஒரு மூட்டை தனியே இருக்கும். நெல் இருக்கா எண்டு கேட்டால் இருக்கு. சமைக்கலாமா எண்டு கேட்டால் இல்லை. இந்த இடத்தில்தான் ஒரு கேள்வி இரண்டாகப் பிரிந்தது: வெறுமையான கட்டங்கள் எத்தனை? அவற்றில் உனக்குக் கிடைப்பவை எத்தனை? நிர்வாகி அந்த ஒதுக்கீட்டுக்குள் கைவைத்துவிட்டால், பிஎஸ்டியின் டிஎஃப் நூறு வீதத்துக்கு மேல் நிரம்பியதாகக் காட்டும். பார்ப்பவருக்கு அது பிழைபோலத் தெரியும், ஆனால் கணக்குச் சரி.

பெரிய கட்டங்களால் இன்னொரு தொல்லையும் வந்தது. சின்னக் கோப்பு ஒன்றுக்கு முழுக் கட்டத்தையும் கொடுத்தால் இடம் வீணாகும். ஆகவே கட்டத்தைத் துண்டுகளாக உடைக்க வழிசெய்தார்கள். இன்று ஸ்டாட்விஎஃப்எஸ் இரண்டு அளவுகளைத் தருவது இதன் தொடர்ச்சிதான்: எழுதுவதற்கு உகந்த அளவு ஒன்று, எண்ணுவதற்கான துண்டின் அளவு மற்றது.

80களின் நடுவில் சன் மைக்ரோசிஸ்ரம்ஸ் நிறுவனம் என்எஃப்எஸ் என்ற முறையைக் கொண்டுவந்தது. வட்டு வேறொரு கணினியில் இருக்கும், கோப்புகள் மட்டும் வலையமைப்பு வழியாக வரும். இப்போது பழைய டிஎஃப் என்ன செய்யும்? சூப்பர்புளொக்கை வாசிக்க அதன் கையில் வட்டே இல்லை. கேட்டுத்தான் அறியவேண்டும். 1989 மார்ச்சில் வெளியான என்எஃப்எஸ் இரண்டாம் பதிப்பின் வரையறையில் இதற்கென்றே ஒரு கேள்வி இருக்கு. பதிலாக ஐந்து எண்கள் வரும். வெறுமையானவையும் கிடைக்கக்கூடியவையும் அதில் தனித்தனி. வட்டைத் திறந்து பார்க்காமல் இயங்குதளத்திடம் கேட்கும் முறை இப்படி நிலைபெற்றது. எந்த நிரலும், விசேட அனுமதி இல்லாமலே, இந்த எண்களைக் கேட்கலாம் என்றானது. சிஸ்ரம் ஃபைவ் நான்காம் வெளியீட்டில் ஸ்டாட்விஎஃப்எஸ் என்ற பெயர் வந்தது, பின்னர் அது பொசிக்ஸ் தரத்துக்குள்ளும் சேர்ந்தது.

நிரல்மொழிகள் இதை ஒரேமாதிரி வரவேற்கவில்லை. ஜாவாவில் 2006 வரைக்கும் இதற்கு நேரடி வழியே இல்லை. டிஎஃப் கட்டளையை ஓடவிட்டு, அது அச்சிடும் வரிகளை வெட்டிப் பொறுக்கி எண்ணை எடுத்தார்கள். அந்த ஆண்டு வந்த ஜாவா 6 மூன்று கேள்விகளைத் தந்தது: மொத்தம், வெறுமை, பாவிக்கக்கூடியது. பைத்தன் 3.3, 2012இல், இன்னும் இலகுவாக்கி மூன்றே எண்கள் தரும் ஒரு செயற்கூற்றைச் சேர்த்தது: மொத்தம், பாவித்தது, மிச்சம். லினக்ஸில் இதைப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை. பாவித்ததையும் மிச்சத்தையும் கூட்டினால் மொத்தம் வராமல் போகலாம். காரணம், 'மிச்சம்' என்பது ஒதுக்கீட்டைக் கழித்த எண். ஈஎக்ஸ்ரி4 கோப்பு முறைமை வழமையாக ஐந்து வீதத்தை ஒதுக்கும். 1,000 கிகாபைற் வட்டில் 50 கிகாபைற் எந்தப் பக்கமும் சேராமல் நிற்கும். விதைநெல் இன்னும் மூட்டையில்தான் இருக்கு.

இலகுவாக்கினால் ஆபத்துப் போய்விடும் எண்டும் இல்லை. நேரடியாக ஸ்டாட்விஎஃப்எஸ் பாவிக்கிறவர்கள் அடிக்கடி தவறுவது கட்ட அளவில்தான். துண்டின் அளவால் பெருக்க வேண்டியதை மற்ற அளவால் பெருக்குவார்கள். லினக்ஸில் பெரும்பாலும் இரண்டும் 4,096 ஆகவே இருப்பதால் ஒன்றும் தெரியாது. அதே நிரலை மக் கணினியில் ஓடவிட்டால், அங்கே ஒன்று 1,048,576, மற்றது 4,096. பதில் 256 மடங்கு ஊதிவிடும்.

இன்னொன்று, இடம் தாராளமாக இருக்கும்போதே 'வட்டில் இடமில்லை' எண்டு செய்தி வரலாம். ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோட் என்றொரு பதிவு வேண்டும். ஈஎக்ஸ்ரி4 போன்றவற்றில் அவற்றின் எண்ணிக்கை கோப்பு முறைமையை உருவாக்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடும். இலட்சக்கணக்கான சின்னக் கோப்புகள் சேர்ந்தால் பதிவுப் புத்தகம் முதலில் முடிந்துவிடும். மிச்சமுள்ள பதிவுகள் எத்தனை என்பதையும் ஸ்டாட்விஎஃப்எஸ் சொல்கிறது. கேட்பவர்கள்தான் குறைவு.

பழைய பத்திரிகைகளையும் கடிதங்களையும் ஸ்கான் செய்து சேமிக்கிறவர்கள் இதையெல்லாம் அறிந்திருப்பது நல்லது. எண் சரியாக வந்தாலும் அது கேட்ட நொடிக்குரியது மட்டுமே. அடுத்த நொடி இன்னொரு நிரல் அந்த இடத்தை நிரப்பிவிடலாம். ஆகவே நகலெடுக்கும் நிரல் தொடங்கும்போது இடத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு முறை எழுதியதும் அது உண்மையிலே எழுதப்பட்டதா எண்டு பார்க்கவேண்டும், முடிந்தபின் நகலை மூலத்தோடு ஒப்பிட வேண்டும். அதுவரை மூலக் கோப்பை அழிக்காதீர்கள்.