மேன்மாடமும் கீழ்மண்டபமும்: வாஷிங்டன் பத்திரிகையாளர் கழகம் பற்றிய ஒரு குறிப்பு

பத்திரிகைத்துறை வரலாற்றை எழுதுவோர் பத்திரிகைகளையும் அவற்றின் அதிபர்களையும் ஆராயுமளவுக்குப் பத்திரிகையாளர் கூடி உணவருந்திய இடங்களை ஆராய்வதில்லை. ஆயினும், செய்தியின் ஊற்றுக்கண்கள் எவர் வசமிருந்தன என்ற வினாவுக்கு அவ்விடங்களே சில வேளைகளில் தெளிவான விடை தருகின்றன. ஐக்கிய அமெரிக்காவின் தலைநகரில் 1908இல் தாபிக்கப்பட்ட தேசியப் பத்திரிகையாளர் கழகத்தை நாம் இந்நோக்கிலேயே அணுகுகின்றோம்.

தொடக்கத்தில் அது ஆண் பத்திரிகையாளரின் தோழமைக்கும் பொழுதுபோக்குக்குமான இடமாகவே இருந்தது. 1927இல் சொந்தக் கட்டடம் எழுந்தது. சனாதிபதிகளும் பிறநாட்டுத் தலைவர்களும் கழகத்தின் மதிய போசனங்களில் உரையாற்றுதல் வழக்கமாயிற்று. ஓய்விடம் இவ்வாறு தொழிற்களமாக மாறியது. அங்கத்தவருட் பெரும்பாலோர் பத்திரிகை முதலாளிகளிடம் சம்பளம் பெற்றவர்களே. ஆனால், அமைச்சரோடு ஒரே மேசையில் அமர்ந்தவருக்குத் தமது வர்க்கநிலை எளிதில் மறந்துபோகும். பத்திரிகை ஊழியரின் தொழிற்சங்கம் 1933 வரை காத்திருக்க நேர்ந்தமை தற்செயலானதன்று என்றே நாம் கருதுகின்றோம்.

கழகத்தின் கதவு பெண்களுக்கு அடைத்திருந்தது. அவர்கள் 1919இல் தமக்கெனத் தனிக்கழகம் அமைத்துக் கொண்டனர். 1955இல் லூயிஸ் லோட்டியர் என்னும் கறுப்பினப் பத்திரிகையாளர், வாக்கெடுப்பின் பின்னரே, அங்கத்தவராக ஏற்கப்பட்டார். அதே ஆண்டிற் பெண்களுக்குக் கிடைத்தது மேன்மாடம் மட்டுமே. கீழே ஆண்கள் உணவருந்த, பெண்கள் மேலே நெருக்கியடித்து நின்று குறிப்பெடுத்தனர். உணவு இல்லை, கேள்வி கேட்கும் உரிமையும் இல்லை. இதனை வெறும் ஆணாதிக்க மரபு என்று கூறி அமைதல் போதாது. செய்தி எழுதிப் பிழைப்பவருக்குக் கேள்வி கேட்கும் வாய்ப்புத் தொழிற்கருவியாகும். அதனை மறுப்பது பிழைப்பை மறுப்பதேயாம்.

1959இல் குருஷ்சேவ் உரையாற்றியபோது பெண்கள் சிலருக்குக் கீழ்மண்டபத்தில் இடமளிக்கப்பட்டது. விருந்தாளி போனதும் பழைய வழக்கமே மீண்டது.

1963 ஆகஸ்ட் 26ஆந் திகதி நிகழ்ந்தது எம்மை அதிகம் சிந்திக்க வைக்கின்றது. அன்று பேசியவர் ஏ. பிலிப் ராண்டொல்ப். புகையிரதப் படுக்கைப்பெட்டிகளிற் பணிபுரிந்த கறுப்பினத் தொழிலாளரை 1925இல் சங்கமாகத் திரட்டியவர்; சோசலிச ஏடொன்றின் ஆசிரியராக இருந்தவர். வேலைக்கும் விடுதலைக்குமான வாஷிங்டன் பேரணி நிகழ இரண்டு நாட்களே இருந்தன. மேன்மாடத்துக்குப் பெண்களை ஒதுக்கும் மேடையில் ஏற வேண்டாமெனப் பெண்கள் அவரை வேண்டினர். பொதுவிடங்களிற் கறுப்பினத்தவரைப் பிரித்து அமர்த்தியமைக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்பதே அவர்தம் வினா. ராண்டொல்ப் உரையாற்றினார், பெண்கள் மேலிருந்தே கேட்டனர். ஓர் ஒடுக்குமுறையைத் துல்லியமாக இனங்கண்டவர் கண்ணுக்கும் அருகிலிருந்த மற்றொன்று தப்பிவிடலாம். எமது இயக்கங்களின் வரலாறும் இதற்கு விலக்கன்று.

1971 சனவரியிலே கழகத்தினர் வாக்களித்துப் பெண்களை அங்கத்தவராக ஏற்றனர். 1985இல் பெண்களின் கழகம் இதனுடன் இணைந்தது.