அலாய் வீல், புது சைஸ் டயர் மாத்தியாச்சா? எவ்வளவு காற்று வைக்கணும்னு கண்டுபிடிப்பது எப்படி?

காருடன் வந்த ஸ்டீல் வீலைக் கழற்றிவிட்டு, ஒரு இன்ச் பெரிய அலாய் வீலும் அகலமான டயரும் போடுபவர்கள் இப்போது அதிகம். லுக் மாறிவிடும். ஆனால் பெட்ரோல் பங்கில் "எத்தனை வைக்கட்டும் சார்?" என்று கேட்கும்போது பலரும் சொல்வது பழைய நம்பரைத்தான். டயர் மாறினால் காற்றின் அளவும் மாறுமா? வாங்க, பார்க்கலாம்.

காரைத் தாங்குவது காற்றுதான்

காரின் எடையில் பெரும்பகுதியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரியும். அதனால் சூடு ஏறும். முழு குடும்பமும் லக்கேஜும் ஏறி, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது இந்தச் சூடுதான் டயர் வெடிப்பதில் போய் முடிகிறது. எனவே இது மைலேஜ் பிரச்சினை மட்டும் இல்லை, உயிர்ப் பிரச்சினை.

முதலில் எதைப் பார்க்கணும்?

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உள்பக்கம் இருக்கும். ஒரிஜினல் டயர் சைஸும் அதற்கான காற்றின் அளவும் அதில் அச்சாகியிருக்கும். கணக்கு தொடங்குவது இங்கேதான்.

டயரின் பக்கவாட்டில் 44, 51 என்று ஒரு பிஎஸ்ஐ எண் இருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். உங்கள் காருக்கு வைக்க வேண்டிய அளவு அது இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு, கவனமா இருங்க.

டயர் மேல் இருக்கும் எண்கள் சொல்வது என்ன?

185/65 ஆர்15 88எச் என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. 15 என்பது இன்ச்சில் வீலின் அளவு. எச் என்பது மணிக்கு 210 கி.மீ. என்ற வேக வரம்பு.

நமக்கு முக்கியம் 88. இதுதான் லோடு இண்டெக்ஸ். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும். 87 என்றால் 545 கிலோ, 91 என்றால் 615 கிலோ.

ஒரு உதாரணக் கணக்கு

ஒரு காரில் 185/65 ஆர்15 88 டயர், ஸ்டிக்கரில் 33 பிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதிலாக 195/55 ஆர்16 87 டயர் போடுகிறார்கள். இரண்டின் மொத்த விட்டமும் கிட்டத்தட்ட 621 மி.மீ. அதனால் ஸ்பீடோமீட்டரில் பிரச்சினை வராது. ஆனால் தாங்கும் எடை 560-லிருந்து 545 கிலோவாகக் குறைகிறது. அகலமான டயர் என்றாலே அதிக எடை தாங்கும் என்பது உண்மை இல்லை.

கணக்கு இதுதான்: பழைய காற்று அளவு × பழைய டயரின் கிலோ ÷ புது டயரின் கிலோ.

33 × 560 ÷ 545 = 33.9. அதாவது 34 பிஎஸ்ஐ வைக்கணும்.

ஸ்டிக்கரில் முன் டயருக்கும் பின் டயருக்கும் தனித்தனி அளவு இருந்தால், தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். ஃபுல் லோடுக்கு வேறு அளவு இருந்தால் அதற்கும் இதே வழிதான். விடை ஸ்டிக்கர் அளவைவிடக் குறைவாக வந்தால்? குறைக்க வேண்டாம், ஸ்டிக்கர் அளவையே வைப்பது பாதுகாப்பு.

எக்ஸ்எல் டயரா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்

அதே 195/55 ஆர்16 சைஸில் 91 லோடு இண்டெக்ஸுடன் எக்ஸ்எல் டயரும் வருகிறது. 615 கிலோ தாங்கும் என்பதால் காற்றைக் குறைக்கலாம் என்று தோன்றும். அது தவறு. சாதாரண டயர் தன் முழு எடையைத் தாங்குவது சுமார் 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில். எக்ஸ்எல் டயருக்கு அது 42 பிஎஸ்ஐ. ஆகவே சாதாரண டயரிலிருந்து எக்ஸ்எல்லுக்கு மாறினால், வந்த விடையை 42-ஆல் பெருக்கி 36-ஆல் வகுக்கணும்.

33 × 560 ÷ 615 × 42 ÷ 36 = சுமார் 35 பிஎஸ்ஐ. கூடுகிறதே தவிர குறையவில்லை!

எப்போது செக் பண்ணணும்?

வண்டி குறைந்தது 3 மணி நேரம் நின்றிருக்கணும். ஓடி வந்த டயரில் சூட்டினால் அழுத்தம் சில பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைவான காற்றோடு நிற்கும். தோராயமாக வெப்பநிலை 5 முதல் 6 டிகிரி செல்சியஸ் மாறினால் 1 பிஎஸ்ஐ மாறும்.

"வெயில் காலம், காத்தைக் கம்மியா வைங்க" என்ற பேச்சை நம்பாதீங்க. காற்று குறைந்தால்தான் டயர் அதிகம் சூடாகும். நைட்ரஜன் அடித்தாலும் அளவு இதேதான். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

சரியா வெச்சிருக்கோமானு எப்படித் தெரியும்?

டயர் தரையைத் தொடும் பகுதியில் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சமதளத்தில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு சீராக அழிந்தால் நல்லது. நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. மாதக்கணக்கில் ஓடிய டயரின் தேய்மானமும் இதையே சொல்லும். ஆனால் இது சரிபார்க்க மட்டும்தான். சாக்பீஸ் கோட்டை நம்பி ஸ்டிக்கர் அளவுக்குக் கீழே போக வேண்டாம்.

இதையும் மறக்காதீங்க

* ஒரிஜினலைவிடக் குறைந்த லோடு இண்டெக்ஸ் டயரைத் தவிர்ப்பதே நல்லது. ஏற்கெனவே போட்டிருந்தால் கணக்கு கட்டாயம்.
* காரில் டயர் பிரஷர் எச்சரிக்கை வசதி இருந்தால், புது அளவு வைத்ததும் ரீசெட் பண்ணுங்க. வால்வில் சென்சார் இருக்கும் கார் என்றால், அதைப் புது வீலுக்கு மாற்றச் சொல்லுங்கள்.
* பக்கச் சுவர் உயரம் குறைந்த டயரில் காற்றும் குறைந்தால், பள்ளத்தில் விழும்போது அலாய் வளையவோ விரிசல் விடவோ வாய்ப்பு அதிகம்.
* ஸ்டெப்னி பழைய சைஸிலேயே இருந்தால், அதற்குப் பழைய ஸ்டிக்கர் அளவுதான்.

புது அளவை ஒரு சீட்டில் எழுதி, கதவு ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். உங்கள் காரை வேறு யார் எடுத்துக்கொண்டு போனாலும், பங்கில் சரியான நம்பரைச் சொல்வார்கள்.