கோடு இளையது, பாதை மூத்தது

கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பக்கத்து ஆந்திர எல்லை மிக இளையது. 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமானது. எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரையை ஒட்டி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி இங்கே வந்தது, சத்தியவேடு வட்டாரம் அங்கே போனது. அதுவரை சத்தியவேட்டாரும் ஊத்துக்கோட்டையாரும் ஒரே செங்கல்பட்டு மாவட்டத்தார். கோடு மாறியதால் பெண் கொடுத்த வீடும் சந்தையும் இடம் மாறவில்லை. ஆகவே எல்லையைக் கடக்கும் சிறு கிராமப் பாதையை அடைப்பதை வெறும் நிர்வாக முடிவாகக் கருத முடியாது.

கொரோனாப் பரவலைத் தடுக்க என்று 2020 ஏப்ரல் இறுதியில் வேலூர் மாவட்டத்தில் சைனகுண்டா, பொன்னை அருகே சாலையின் குறுக்கே சுவரே எழுப்பினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே இடித்தார்கள். நோய் அச்சம் நியாயமானது. எல்லை தாண்டும் ரேஷன் அரிசிக் கடத்தலும் உண்மைதான். ஆனால் சோதனைச் சாவடியில் நிற்கும் காவலர், நோயாளியை ஏற்றிவரும் வண்டியையும் கடத்தல் வண்டியையும் பிரித்தறிவார். சுவருக்கு அது தெரியாது. வேலூர் மருத்துவமனைகளையே நம்பியிருக்கும் சித்தூர்க் கிராமங்கள் எத்தனையோ! காவலுக்கு ஆள் போதவில்லை என்பார்கள் அதிகாரிகள். அப்படியானால் ஆளைப் போடுங்கள். கிராமப் பாதையை அடைக்கும் முன் இருபுறத்து ஊராட்சிகளையும் கூட்டிக் கேளுங்கள்.